நீல் யங்கின் 'ட்ரான்ஸ்': பாதியில் நிறுத்திய ஆல்பத்துக்குத் திரும்பிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

இரவுப் பேருந்தில், கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங்கின் 1993 'அன்பிளக்டு' நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு போனேன். மரக் கிட்டார், மெல்லிய பின்பாட்டுக் குரல்கள், நடுவில் தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. அடுத்த பாட்டுக்குப் போக மனம் வராமல் அதையே நான்கு முறை கேட்டேன். பெயரைப் பார்த்தால் 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்'. எங்கேயோ பார்த்த பெயர். விடிந்து ஊர் வருவதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. கல்லூரி நாட்களில் நண்பன் பிரதியெடுத்துக் கொடுத்த ஒரு சிடியில் நான்காவது பாட்டு அது. அந்த சிடியை நான் மூன்றாவது பாட்டிலேயே நிறுத்தியிருந்தேன். பிறகு பதினோரு வருஷம் அதைத் தொடவே இல்லை.

அந்த சிடி 'ட்ரான்ஸ்'. 1982 டிசம்பர் கடைசியில் வெளிவந்தது. நீல் யங்கை உயிராக நினைப்பவர்கள்கூடத் தாண்டிப் போய்விடும் ஆல்பம். அவருடைய பழைய 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் ரோபோ பேசுவது போல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்று அவருடைய ஆல்பங்களில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். அந்த இடத்துக்கு நான் சுற்றி வளைத்து, தவறான கதவுகளைத் தட்டி வந்து சேர்ந்தேன். நீங்கள் நேராக வரலாம். ஒரே இரவில் செய்ய வேண்டாம், பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் நீளம் முக்கால் மணி நேரம்தான். ஆனால் நடுவில் வேறு சிலவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் படி: ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். என் காரணம் இது: "அவர் குரல் எங்கே?" 1972ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் 'ஹார்வெஸ்ட்'. அதில் வரும் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அங்கே முதலிடத்துக்குப் போன பாட்டு. உடைந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் அந்த உச்சக் குரலுக்காகத்தான் பெரும்பாலோர் நீல் யங்கிடம் போனோம். 'ட்ரான்ஸ்' ஆல்பத்தின் ஒன்பது பாட்டுகளில் ஆறில் அந்தக் குரலை இயந்திரம் விழுங்கிவிடுகிறது. கேட்பவர் தேடி வந்த பொருளே கடையில் இல்லை.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். "வார்த்தை புரியவில்லை", "மனுஷத்தனம் இல்லை" என்று எதை எழுதியிருந்தாலும், அந்தக் குறையே பின்னால் உங்களுக்குக் கதவாகும்.

இரண்டாம் படி: அந்த வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ஆல்பத்தை எந்த விவரமும் தெரியாமல், சுத்தமான காதோடு கேட்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். பொதுவாக நல்ல யோசனைதான். இந்த ஆல்பத்துக்கு மட்டும் அதை ஏற்க மாட்டேன். 1982ல் உலகமே இதை விவரம் தெரியாமல்தான் கேட்டது. கேட்டுவிட்டு ஒதுக்கியது.

நடந்தது இதுதான். நீல் யங்குக்கும் அவர் மனைவி பெகிக்கும் 1978 நவம்பரில் பென் பிறந்தான். கடுமையான பெருமூளை வாதம், செரிபிரல் பால்சி. கை கால்களைத் தன் விருப்பப்படி அசைக்க முடியாது, பேச்சும் வராது. நீல் யங்கின் மூத்த மகனுக்கும் அதே பாதிப்பு, லேசான அளவில். நீல் யங்கே ஐந்து வயதில், 1951ல், கனடாவின் ஒன்டாரியோவில் போலியோவில் படுத்து எழுந்தவர். இளவயதில் வலிப்பு நோயும் இருந்தது. உடம்பு சொன்னபடி கேட்காமல் போவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1980 வாக்கில் அவர்கள் ஒரு பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார்கள். பெரியவர்கள் சிலர் சேர்ந்து குழந்தையின் கை, கால், தலையைத் தவழ்வது போல அசைக்க வேண்டும். அதே அசைவு, திரும்பத் திரும்ப, நாள் முழுவதும், வாரம் முழுவதும். மூளை அந்த அசைவைக் கற்றுக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இந்த முறைக்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பிற்பாடு அறிக்கைகள் வெளியிட்டது. ஆனால் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெற்றோர் எந்தக் கதவையும் தட்டாமல் விடமாட்டார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருஷம் அவர்கள் வாழ்க்கை அந்தப் பயிற்சியாகவே இருந்தது. பாட்டுப் பதிவுக்குக் கிடைத்தது நாளில் சில மணி நேரம் மட்டும். இதை அவர் அப்போது வெளியே பேசவில்லை.

மூன்றாம் படி: 'ட்ரான்ஸ்' வேண்டாம், முதலில் 'ரியாக்டர்'

இந்தப் படியைத் தாண்டத் தோன்றும். தாண்டாதீர்கள்.

1981ல் வந்த 'ரியாக்டர்' அந்தப் பயிற்சி நாட்களுக்கு நடுவே கிரேஸி ஹார்ஸ் குழுவோடு பதிவானது. அதில் 'டி-போன்' என்று ஒன்பது நிமிஷப் பாட்டு. மசித்த உருளைக்கிழங்கு இருக்கிறது, இறைச்சித் துண்டு இல்லை: மொத்தச் சொல்லும் இவ்வளவுதான். ஒன்பது நிமிஷமும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. அன்றைக்குக் கேட்டவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்தார்கள். நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்துவிட்டு மாலையில் கிட்டாரை எடுக்கும் ஒருவரை மனதில் வைத்துக் கேளுங்கள். அந்தப் பயிற்சியின் சாயல் இசைக்குள் வந்துவிட்டதை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் பின்னட்டையில் ஒரு பிரார்த்தனை லத்தீனில் அச்சாகியிருக்கும். மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியையும், மாற்ற முடிந்ததை மாற்றும் துணிவையும், இரண்டையும் பிரித்தறியும் அறிவையும் கேட்கும் பிரார்த்தனை. எத்தனை பேர் அதை நின்று படித்திருப்பார்கள்?

'டி-போன்' முழுதாகக் கேளுங்கள். பிறகு கடைசிப் பாட்டு 'ஷாட்ஸ்'. போதும், அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ரோபோக் குரல் என்று நாம் சொல்வதன் பெயர் வோகோடர். 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்னும் பொறியாளர் உருவாக்கியது. தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவதுதான் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் தலைவர்களின் உரையாடலை எதிரி ஒட்டுக்கேட்காமல் இருக்க அமெரிக்கா அமைத்த ரகசியத் தொலைபேசி ஏற்பாட்டிலும் இதே நுட்பம் இருந்தது. பாட்டுக்கு அது வந்தது பிற்பாடு. நீல் யங் வாங்கியது ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் செய்த விஎஸ்எம் 201. கூடவே சின்க்ளேவியர் என்னும் டிஜிட்டல் சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கருவி.

வேலை செய்யும் விதம் எளிது. நீங்கள் மைக்கில் பேசுகிறீர்கள். கருவி உங்கள் பேச்சைத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இருபது பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் சத்தம் எந்த நொடியில் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று அளக்கிறது. சிந்தசைசரிலிருந்து வரும் ஒலியையும் அதே போல இருபதாகப் பிரித்து, உங்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அதன் மீது போர்த்துகிறது. ச, ஸ, ட போன்ற உரசலும் வெடிப்புமான ஒலிகளுக்கு ஓர் இரைச்சலைச் சேர்த்துக்கொள்கிறது.

எழுத்துகள் பிறக்கும் இடங்களைப் பள்ளியில் படித்த நமக்கு இது சட்டென்று புரியும். மிடற்றின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. நாவும் இதழும் பல்லும் அண்ணமும் செய்யும் வேலை மனிதனிடமே இருக்கிறது. ஆக, அவர் குரல் காணாமல் போகவில்லை. தொண்டை மட்டும்தான் மாறியிருக்கிறது. வாயசைவு முழுக்க நீல் யங்குடையது. எந்தச் சொல்லில் நிற்பார், எதை இழுப்பார், எங்கே விழுங்குவார் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் குரல் அந்நியமாக இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் வீட்டு ஆளை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவோமே, அப்படி.

ஐந்தாம் படி: எந்தப் பிரதி, எதில் கேட்பது

நான் முதலில் கேட்ட அந்த சிடியில் இருந்தது ஏழு கைகள் மாறி வந்த எம்பி3. வோகோடர் ஆல்பத்துக்கு அதைவிடக் கேடு கிடையாது. மெய்யெழுத்துகளின் கூர்மை உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. அழுத்திச் சுருக்கிய கோப்பில் முதலில் கெடுவது அந்தப் பகுதிதான். சொல் புரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் என் கோப்பு.

எனவே நல்ல தரத்தில் கேளுங்கள். நீல் யங்கின் சொந்த ஆவணத் தளத்தில் உயர்தர ஒலியில் கிடைக்கிறது. 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையிலிருந்து பாட்டுகளை எடுக்கச் சொன்னவர், 2024 மார்ச்சில் திரும்ப அனுமதித்தார். அங்கும் கேட்கலாம். செல்போன் ஸ்பீக்கர் வேண்டாம். நல்ல கம்பி ஹெட்ஃபோன் போதும், விலை அதிகமானது தேவையில்லை. பழைய எல்பி தட்டு கையில் கிடைத்தால் உள்ளே இருக்கும் வரித்தாளை, அதாவது பாட்டு வரிகள் அச்சான தாளைப் பாருங்கள். தட்டிலேயே இல்லாத 'இஃப் யூ காட் லவ்' என்ற பாட்டு அதில் அச்சாகியிருக்கலாம். கடைசி நேரத்தில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள், தாளைத் திருத்த நேரமில்லை.

ஆறாம் படி: மூன்று பாட்டை எடுத்து வைத்துவிட்டு ஆறை மட்டும் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

'ட்ரான்ஸ்' உண்மையில் இரண்டு ஆல்பங்களின் ஒட்டு. வோகோடர் பாட்டுகள் கலிஃபோர்னியாவில் அவர் பண்ணையில் ஒருபுறம் உருவாகிக்கொண்டிருந்தன. 1982ல் ஹவாயின் ஹொனலூலுவுக்குப் போய் வேறொரு குழுவோடு, கடற்கரைக் காற்று வீசும் சாதாரணக் காதல் பாட்டுகளைப் பதிவு செய்தார். 'ஐலண்ட் இன் த சன்' என்று அதற்குப் பெயர் வைக்க நினைத்திருந்தார். அப்போதுதான் தன் பழைய இசைத்தட்டு நிறுவனமான ரெப்ரைஸை விட்டு டேவிட் கெஃபனின் புதிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அங்கே அந்த ஆல்பத்துக்கு வரவேற்பு இல்லை. ஆகவே ஹவாய்ப் பாட்டுகள் மூன்றையும் வோகோடர் பாட்டுகள் ஆறையும் சேர்த்து 'ட்ரான்ஸ்' ஆக்கினார்.

விளைவு, முதல் பாட்டு 'லிட்டில் திங் கால்டு லவ்' வழக்கமான நீல் யங்காகத் தொடங்குகிறது. அப்பாடா என்று சாய்ந்து உட்காரும்போது இரண்டாவது பாட்டில் தரை விலகிவிடுகிறது. ஆறாவதில் 'ஹோல்ட் ஆன் டு யுவர் லவ்' திரும்பவும் கடற்கரைக்கு இழுக்கிறது. எந்த உலகத்திலும் காலூன்ற முடியாது. இது அவர் செய்த பிழை என்றே நினைக்கிறேன். ரசிகனாக இருப்பதால் இதை நியாயப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இந்த வரிசையில் ஒரு பட்டியல் செய்யுங்கள்: 'வி ஆர் இன் கன்ட்ரோல்', 'கம்ப்யூட்டர் கவ்பாய்', 'சாம்பிள் அண்ட் ஹோல்ட்', 'மிஸ்டர் சோல்', 'கம்ப்யூட்டர் ஏஜ்', 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்'. குளிரிலிருந்து வெப்பத்துக்குப் போகும் வரிசை இது. இரவில், விளக்கைக் குறைத்து, வரிகளைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள். புரியாத சொல்லைத் துரத்த வேண்டாம். மறுநாள் வரிகளோடு கேளுங்கள்.

ஏழாம் படி: பாட்டு பாட்டாக எதைக் கவனிப்பது

'வி ஆர் இன் கன்ட்ரோல்' கதவில் நிற்கும் காவலாள். தாழ்ந்த இயந்திரக் குரல்கள் தாங்கள் எதையெல்லாம் கட்டுப்படுத்துகிறோம் என்று பட்டியல் வாசிக்கின்றன. நான் பதினோரு வருஷத்துக்கு முன் இந்தக் காவலாளைப் பார்த்துத்தான் திரும்பிப் போனேன். இப்போதும் எனக்கு இது பெரிய பாட்டு இல்லை.

'கம்ப்யூட்டர் கவ்பாய்' அப்படி இல்லை. குதிரை நடைத் தாளம், அதற்கு மேல் மாட்டுக்காரனின் கூவல், அதுவும் வோகோடர் வழியாக. மாடுகளுக்கு எண் போட்டு மேய்க்கும் ஒருவன் இரவில் ஊருக்குள் போய்க் கணினி அமைப்புகளைக் கொள்ளையடிக்கிறான். 1982ல் எழுதியது இது.

'சாம்பிள் அண்ட் ஹோல்ட்' என்பது சிந்தசைசரில் இருக்கும் ஒரு மின்சுற்றின் பெயர். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை ஒரு கணத்தில் அளந்து, அடுத்த அளவு வரும் வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். பாட்டில் ஒருவன் கண் நிறம், முடி நிறம், எடை எல்லாம் சொல்லித் துணையாக ஒரு இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கிறான். கோபக்காரியாக இருக்கக் கூடாதாம். பிடித்து வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பின்னணியில் கிட்டார் அலறுவதைக் கேளுங்கள், அதற்கு எந்த முகமூடியும் கிடையாது. 1993ல் வந்த 'லக்கி தர்ட்டீன்' தொகுப்பில் இதன் எட்டு நிமிஷ வடிவம் இருக்கிறது. பிடித்துப்போனால் அதற்குப் போங்கள்.

'மிஸ்டர் சோல்' 1967ல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவில் இருந்தபோது வெளிவந்தது. வலிப்பு வந்து மருத்துவமனையில் இருந்த நாட்களையொட்டி எழுதிய பாட்டு. புகழ் வந்த வேகத்தில் தன் முகமே தனக்கு அந்நியமாவதைப் பற்றியது. பதினைந்து வருஷம் கழித்து அதையே இயந்திரக் குரலில் பாடுகிறார். பழைய பதிவை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். உடம்பு கைவிட்ட ஓர் இளைஞனின் பாட்டு, மகனைப் பற்றிய ஆல்பத்தின் நடுவில் ஏன் வந்து உட்கார்ந்தது என்பதை யோசிக்க வேண்டியிருக்கும்.

'கம்ப்யூட்டர் ஏஜ்' பாட்டில் நெடுஞ்சாலை, விளக்குகள், உலோகம் எல்லாம் கடந்துபோகின்றன. திடீரென்று ஒரு வேண்டுகோள்: இதயத் துடிப்பு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியப்படுத்து. அந்த இடத்துக்கு வரும்போது டிரம்ஸைக் கவனியுங்கள்.

பிறகு 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்'. மூன்றரை நிமிஷத்துக்கும் குறைவு. குரல் இங்கே மேலே, குழந்தையின் உயரத்துக்குப் போய்விடுகிறது. பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் நடத்துகிறவனே என்று யாரையோ அழைக்கிறது. ஒவ்வொரு காலையும் உன் கண்ணைப் பார்க்கும்போது எனக்குள் மின்சாரம் பாய்கிறது என்கிறது. 1982ல் கேட்டவர்கள் யாரோ ஒரு ரோபோவைப் பற்றிய கற்பனை என்று நினைத்தார்கள். நீல் யங்குக்கு ரயில் பொம்மைகள் மீது தீராத ஆசை. பென்னும் தன்னால் முடிந்த சிறு அசைவால் ஒரு பொத்தானை இயக்கி ரயிலை ஓட்டும்படி கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்தார். அந்த வேலை வளர்ந்து வளர்ந்து, 1995ல் லயனல் என்னும் பழம்பெரும் பொம்மை ரயில் நிறுவனத்தின் பங்குதாரராகவே ஆனார். பாட்டில் வரும் பொத்தான் அந்தப் பொத்தான்.

இந்த ஆல்பத்துக்கு அவர் காட்சிப் படங்களும் யோசித்து வைத்திருந்தார். ஒரு மருத்துவமனை. அதில் வேலை செய்பவர்கள்தான் இந்த இயந்திரக் குரல்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு குழந்தைக்குப் பொத்தானை அழுத்தக் கற்றுத்தருகிறார்கள். அது எடுக்கப்படவே இல்லை. எடுத்திருந்தால் நாம் எல்லோரும் வேறு விதமாகக் கேட்டிருப்போம்.

வார்த்தை புரியவில்லை என்று முதல் நாள் தாளில் எழுதியிருந்தால் இப்போது எடுத்துப் பாருங்கள். என் மகன் பேசுவது எனக்குப் புரிவதில்லை, அதே போல இந்தப் பாட்டில் சொல்வதும் உங்களுக்குப் புரியாது என்ற பொருளில் நீல் யங் பிற்பாடு பேசியிருக்கிறார். எதிரே ஒருவன் ஏதோ சொல்கிறான், அன்பாகச் சொல்கிறான் என்று தெரிகிறது, சொல் மட்டும் வந்து சேரவில்லை. அந்த வீட்டில் தினமும் நடந்தது இதுதான். அதை விவரித்து ஒரு பாட்டு எழுதாமல், அதே நிலையில் நம்மை உட்கார வைத்துவிட்டார்.

எட்டாம் படி: முகமூடியைக் கழற்றிய வடிவங்கள்

இப்போது 'அன்பிளக்டு' பதிவுக்குப் போங்கள். நில்ஸ் லாஃப்கிரென், நிக்கோலெட் லார்சன், தங்கை ஆஸ்ட்ரிட் ஆகியோரின் குரல்கள் கூட வர, நீல் யங் தன் சொந்தத் தொண்டையில் 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டைப் பாடுகிறார். ஒவ்வொரு சொல்லும் தெளிவு. நான் இதை முதலில் கேட்டு, பிறகு மூலத்துக்குப் போனேன். நீங்கள் மூலத்திலிருந்து இதற்கு வருகிறீர்கள், அதுவே சரியான திசை. கேட்டு முடித்த கையோடு மறுபடி 1982 பதிவைப் போடுங்கள். எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்: எந்த மெட்டுக்காக இந்தப் பாட்டைத் தேடி வந்தேனோ, அதைவிட அந்த இயந்திரக் குரல் வேண்டியதாகிவிட்டது. தெளிவாகப் பாடும்போது அது அழகான பாட்டு. இயந்திரத்துக்குள்ளிருந்து வரும்போது அவர் மகன் பக்கத்தில் நின்று பாடுகிறார்.

சோனிக் யூத் குழு பாடிய 'கம்ப்யூட்டர் ஏஜ்' 1989ல் 'த பிரிட்ஜ்' என்னும், நீல் யங் பாட்டுகளை மற்றவர்கள் பாடிய காணிக்கை ஆல்பத்தில் வந்தது. வோகோடர் கிடையாது, முழுக்க மின்கிட்டார்ப் புயல். இதற்குள் இப்படி ஒரு ராக் பாட்டு ஒளிந்திருந்ததா என்று இருக்கும்.

நேரம் இருந்தால் 1982ன் பெர்லின் கச்சேரிப் படத்தைப் பாருங்கள். ஆல்பம் அப்போது வெளியாகவே இல்லை. கேட்டறியாத பாட்டுகளை, அறிந்திராத குரலில், கூட்டத்தின் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார். பேஸ் கிட்டாரில் புரூஸ் பால்மர், 'மிஸ்டர் சோல்' முதலில் பதிவான காலத்துப் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு தோழர்.

ஒன்பதாம் படி: எடுத்து வைத்த மூன்றையும் திரும்பச் சேருங்கள்

ஆல்பத்தை இப்போது அவர் கொடுத்த வரிசையிலேயே முழுதாகக் கேளுங்கள். முதல் பாட்டிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது ஏற்படும் அதிர்ச்சி இன்னும் இருக்கும், ஆனால் வலிக்காது. கடைசிப் பாட்டு 'லைக் ஆன் இன்கா' ஒன்பது நிமிஷத்துக்கு மேல் நீள்கிறது. இயந்திரம் இல்லாத நீல் யங், அழிந்துபோன நாகரிகங்களைப் பற்றி, கிட்டார் மேல் கிட்டாராக. தனியாகக் கேட்டால் நல்ல பாட்டு. இந்த ஆல்பத்தின் முடிவாக அது எனக்கு இன்றும் பொருந்தவில்லை. உங்களுக்குப் பொருந்தலாம்.

ஹவாய்ப் பாட்டுகள் எப்படிப்பட்ட ஆல்பமாக இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் இப்போது வழி இருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த அவருடைய ஆவணப் பெட்டியின் மூன்றாம் பகுதியில் 'ஜானிஸ் ஐலண்ட்' என்ற பெயரில் அவை சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால், 'ட்ரான்ஸ்' ஏன் அப்படி இரண்டாகப் பிளந்து நின்றது என்பது கையில் தொட்டது போலத் தெரியும்.

பிறகு நடந்தவை

விற்பனை அவ்வளவு மோசமில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 19ஆம் இடம் வரை போனது. கெட்டது பெயர்தான். அடுத்து 1983ல் 'எவ்ரிபடிஸ் ராக்கின்' என்று இருபத்தைந்து நிமிஷ பழைய பாணி ராக் அண்ட் ரோல் ஆல்பம் கொடுத்தார். அதோடு கெஃபன் நிறுவனம் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. விற்கும்படியான ஆல்பமும் இல்லை, நீல் யங் தன்மையும் இல்லை என்பது புகார். நீல் யங்கைப் போல நீல் யங் இல்லை என்று நீல் யங் மீதே வழக்கு. அவரும் எதிர்வழக்குப் போட்டார், பிறகு சமரசம் ஆனது. 1989ல் 'ஃப்ரீடம்' வந்தபோது எல்லோரும் அவர் திரும்பி வந்துவிட்டார் என்றார்கள்.

இன்னொரு பக்கம், 1986ல் பெகி யங் வேறு சிலரோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் பிரிட்ஜ் பள்ளியைத் தொடங்கினார். பேச முடியாத, உடல் அசைவும் மிகக் கடினமான குழந்தைகள், கருவிகளின் துணையோடு தங்கள் மனதில் உள்ளதைச் சொல்லக் கற்கும் பள்ளி. அதற்கு நிதி திரட்ட நீல் யங் நடத்திய கச்சேரிகள் அந்த ஆண்டு தொடங்கி 2016 வரை, ஒரே ஒரு ஆண்டு தவிர, வருஷா வருஷம் நடந்தன. குழந்தைகள் சக்கர நாற்காலியில் மேடைக்குப் பின்புறம் உட்கார்ந்து கேட்பார்கள். மேடையில் பாடுபவர்கள் அவ்வப்போது கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பி, அவர்களைப் பார்த்துப் பாடுவார்கள். சோனிக் யூத் பாட்டு வந்த அந்த காணிக்கை ஆல்பத்தின் பெயரும் இந்தப் பள்ளியிலிருந்து வந்ததுதான்.

வேறு ஆல்பங்களுக்கு

இதே படிகள் எல்லாவற்றுக்கும் இதே வரிசையில் பொருந்தாது. அமெரிக்கப் பாடகர் ஜீன் கிளார்க்கின் 'நோ அதர்' (1974) கேட்க வாழ்க்கை விவரம் எதுவும் தேவையில்லை. நல்ல ஒலித்தரமும் பொறுமையும் போதும். 2019ல் புதுப்பித்து வெளியிட்ட பதிப்பை எடுங்கள். இன்னொரு அமெரிக்கப் பாடகர் லூ ரீடின் 'பெர்லின்' (1973) ஒரே கதையாக ஓடுவதால் பாட்டை மாற்றிப் போடவே கூடாது. 2006ல் புரூக்ளினில் அவர் அதை முழுதாக மேடையேற்றிய பதிவை இரண்டாவதாகக் கேட்கலாம். ஏன் நிறுத்தினோம் என்று முதலில் எழுதி வைப்பதை மட்டும் எதற்கும் விடாதீர்கள்.

கடைசிப் படி

பத்து நாள் ஆன பிறகு, ஒரு காலையில், வேறு எதுவும் இல்லாமல் 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' மட்டும் போடுங்கள். இரவில் வேண்டாம். காலையில் உன் கண்ணைப் பார்க்கும்போது என்று பாடுகிறார் அல்லவா, அந்த நேரத்தில். வரித்தாள் வேண்டாம். இப்போது முக்கால்வாசிச் சொற்கள் காதில் விழும். மீதிக் கால்வாசி விழாது. எனக்கு இன்னும் விழவில்லை. தாளை எடுத்துச் சரிபார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.